கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிச்சம்

"டொக்டர், பிள்ளைட பெட்டிக்குள்ள ஏன் லைற் போட்டு வெச்சிருக்கிறீங்க? கண் கூசாதா அவனுக்கு?"

நிலூஷா கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று, பால் வாங்குவதற்கென்று வெட்டியிருந்த சிறிய சதுரத் துவாரத்தின் வழியாகக் கேட்டாள். அவள் கையிலிருந்த போத்தலின் அடியில், பிழிந்தெடுத்த பால் ஒரு விரல் அகலத்துக்குக் கிடந்தது. உள்ளே நின்ற டொக்டர் ஷிஹாரா திரும்பிப் பார்த்தாள். முதலாவது பெட்டி இருட்டாகத்தான் இருந்தது. மேலே போர்த்திய நீலத் துணி. உள்ளே மூக்கில் குழாயோடு, தவளையைப் போலக் கால்களை விரித்துக் கிடந்த குழந்தை. லைற் எதுவும் இல்லை.

"லைற் இல்லையே," என்றாள்.

"இருந்திச்சு. இப்பத்தான் கண்டனான். சிவப்பா."

தாதி மேபல் சிரித்தபடி வந்து போத்தலை வாங்கிக்கொண்டாள். "அது கதவுக்கு மேல தொங்கிற வெசாக் கூட்டிட வெளிச்சம் பிள்ளை. கண்ணாடியில அடிக்குது. நீர் போய்ப் படும். கொட்டாஞ்சேனைக்காரிக்கு வெசாக் கூடு புதுசா?"

நிலூஷா சிரிக்கவில்லை. முதலாவது பெட்டியை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தாய்மார் தங்கும் அறைக்குப் போனாள்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த சிறிய தனியார் ஆஸ்பத்திரி அது. மூன்றாம் மாடியில், மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்கு ஒரு குளிர்ந்த அறை. மூன்று கண்ணாடிப் பெட்டிகள். சுவாசக் குழாய்களின் நீர்ப் போத்தல்களில் இரவும் பகலும் கேட்கிற குமிழிச் சத்தம். அன்று வெசாக், கொழும்பு முழுவதும் விளக்குக் கூடுகள் தொங்கும் புத்தரின் பௌர்ணமி நாள். இளைய தாதி நதீஷா எட்டு மூலைக் கூடொன்றைத் தன் கையாலேயே சிவப்புத் தாள் ஒட்டிச் செய்து, கதவுக்கு மேலே மாட்டியிருந்தாள். ஏசியின் காற்றில் அது மெல்லச் சுழன்றது. சுழலும்போதெல்லாம் அறைக்குள் ஒரு சிவப்பு வந்து, பெட்டிகளைத் தடவிவிட்டு, போனது.

ஷிஹாரா பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து கைகளை உள்ளே விட்டாள். குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நேற்றுவரை, தொட்டால் முகத்தைச் சுளித்துக் கையை உதறுவான். இன்று உதறவில்லை. வயிற்றின் தோல் பளபளத்தது. அதன் அடியில் நீல நரம்புகள் தெரிந்தன. வயிற்றிலிருந்து மூக்கு வழியாக வந்த மெல்லிய குழாயில் பச்சையாக ஏதோ நின்றது.

"சிஸ்டர், வயிறு பெருத்திருக்கு."

"இல்ல டொக்டர். இப்பத்தான் அளந்தனான். இருவத்திநாலு. காலையிலயும் அதுதான், நேற்றும் அதுதான்."

மேபல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இந்த அறையில் அவளைவிட அதிக காலம் நின்றவர்கள் இல்லை. இருந்தும் ஷிஹாரா, சேலைன் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்த அளவுநாடாவை எடுத்து, தொப்புளுக்கு மேலே பேனாவால் இட்டிருந்த புள்ளிகளைத் தொட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

இருபத்துநான்கு சென்டிமீட்டர்.

அவளுக்குத் தன் கண்மீதே எரிச்சல் வந்தது. விரல் நுனியால் வயிற்றைத் தொட்டாள். மத்தளத் தோல் போல இறுகியிருந்தது. குழந்தை மூச்சை இழுக்கும்போது வயிறு அசையவில்லை.

மாதம் நிறையாத குழந்தைகளின் குடல், ஈரக் கடதாசி போன்றது. சில சமயம் அழுகும். சில சமயம் காரணமே இல்லாமல் ஓரிடத்தில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் உள்ளேயிருக்கும் காற்று வயிற்றுக்குள் வெளியேறித் தேங்கும், அதோடு அழுக்கும். சில மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் குழந்தை மிஞ்சாது. இந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை இல்லை. அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு, அறைக்குப் பொறுப்பான பெரிய டொக்டர் மஷூர் சேர் சொல்ல வேண்டும்.

மஷூர் சேர் குடும்பத்தோடு நுவரெலியாவில் இருந்தார். போனில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"சேர், நிலூஷாட புள்ளட வகுறு பளபளண்டு இரிக்கி. பச்சையா வருது. புள்ள அசையுதில்ல. எனக்கு நெனப்பு, குடல்ல…"

"டேப் என்ன செல்லுது?"

"இருவத்திநாலு சேர். ஆனா…"

"நேத்து?"

"இருவத்திநாலு."

"அப்ப பொறகென்ன மகள்? பால நிப்பாட்டு. மருந்தத் தொடங்கு. புள்ளயச் சும்மா சும்மா தொடாத. தொடத் தொடத்தான் இதுகள் கெட்டுப்போற."

அவளிடம் சொல்வதற்கு ஒரு வசனம் இருந்தது. அழைக்கும் முன்பே அதை மனத்துக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் அவளுடைய குரல் எப்போதும் போனுக்குள் போவதற்கு முன்பே சிறுத்துவிடும். "சரி சேர்," என்றாள். போனை வைத்த பிறகு அந்த வசனத்தைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "எனக்குக் கண்ணால தெரியுது சேர்."

குமிழிகள் கொதித்துக்கொண்டிருந்தன. கூடு சுழன்றது. சிவப்பு வந்து போனது.

எக்ஸ்ரே எடுக்கிற ஷிப்லி, உருட்டும் இயந்திரத்தோடு மின்தூக்கியிலிருந்து வந்தான். தெருவில் வெசாக்குக்கு இலவசமாகக் கொடுக்கும் தன்சலில் வரிசை நின்று வாங்கிய ஐஸ்கிரீம் சட்டையில் வழிந்திருந்தது.

"எண்ட டேர்ன் வாற நேரம் பாத்துக் கூப்பிட்டீங்களே டொக்டர். ரெண்டாவது கப் போச்சு."

"ஷிப்லி நானா, ஒரு படம் படுத்தபடி. இன்னொண்டு இடப் பக்கமாச் சரிச்சு, குறுக்கால."

ஷிப்லி இயந்திரத்தைத் தள்ளுவதை நிறுத்தினான். "சரிச்சா? சேர் சென்னாரா?"

"நான் செல்றன்."

"சேர் செல்லாம நான் புள்ளயப் பொரட்ட மாட்டேன் டொக்டர். போன முற பொரட்டி டியூப் கழண்டதுக்கு ஏச்சுத் திண்டது நான். இது என்ன வெசாக் தோரணமா, சும்மா சும்மா பத்தவெக்க? பெற்றரியும் செவப்புல நிக்கிது."

படுத்தபடி எடுத்த படம் மட்டும் வந்தது. வயிற்றின் நடுவே, ரக்பிப் பந்தொன்றை வைத்ததுபோல மங்கலான ஒரு கருமை. மல்லாந்து கிடக்கிற குழந்தையின் வயிற்றில் காற்று மேலே மிதக்கும்; மேலிருந்து எடுக்கும் படத்தில் அது இப்படித்தான் மங்கித் தெரியும். இடப் பக்கமாகச் சரித்தால் காற்று ஈரலுக்கு மேலே ஏறிக் கறுத்த பட்டியாகத் தெரியும். யாரும் மறுக்க முடியாது. அவள் படத்தைப் போனில் அனுப்பினாள். பதில் உடனே வந்தது. எல்லாப் புள்ளட வகுத்திலயும் காத்து இரிக்கிம். டேப் மாறினா கோல் பண்ணு.

டேப் மாறினால்.

ஷிஹாரா அந்த நாடாவைப் பார்த்தாள். கிளிப்பின் பாரத்தில் நேராகத் தொங்கியது. மஞ்சள் நிறம். இலக்கங்கள் கொஞ்சம் வெளுத்திருந்தன. பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு, அந்த இலக்கங்களுக்கு நடுவே இருந்த வெளி கண்ணை உறுத்தியது. குழந்தைகளின் உயரம் அளக்கும் பலகையை மேசையில் வைத்து, அதன் விளிம்போடு நாடாவை நீட்டிப் பிடித்தாள்.

நாடாவின் இருபது, பலகையின் இருபத்திரண்டைத் தாண்டி நின்றது.

"சிஸ்டர், இந்த டேப் எங்கால வந்தது?"

"நான்தான் வாங்கினனான். பேப்பர் டேப் முடிஞ்சு இன்னும் வருகுதில்லயே. புறக்கோட்டையில தையல் சாமான் கடையில." மேபல் கிட்ட வந்தாள். "சுத்தமாத்தான் வெச்சிருக்கிறன் டொக்டர். ஒவ்வொரு நாளும் கொதிதண்ணியில போட்டு எடுத்து, கிளிப் போட்டுக் காயவிடுறனான்…"

அவள் பலகையைப் பார்த்தாள்.

ஒவ்வொரு நாளும் வெந்நீர். ஒவ்வொரு நாளும் பாரம். வயிறு பெருக்கப் பெருக்க நாடாவும் நீண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றாக.

"என்ட மாதாவே," என்றாள் மேபல்.

ஷிஹாரா நூலொன்றை எடுத்துக் குழந்தையின் வயிற்றைச் சுற்றி, அந்த நீளத்தைப் பலகையில் வைத்தாள். இருபத்தேழு. மற்ற இரண்டு குழந்தைகளையும் நூலால் அளந்தாள். அவர்களின் வயிறு தட்டையாக, மிருதுவாக இருந்தது. அது மட்டும் ஓர் ஆறுதல்.

"எல்லா லைற்றையும் நிப்பாட்டுங்க. கூட்டையும்."

நதீஷா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூட்டின் வயரைச் சுவரிலிருந்து இழுத்தாள். அறை இருண்டது. இயந்திரங்களின் பச்சை இலக்கங்களைத் துணி போட்டு மூடினார்கள். குழந்தைகளின் கையில் நரம்பு தேடுவதற்கென்று வைத்திருந்த, சூடேறாத சிறிய டோர்ச் ஷிஹாராவின் கையில் இருந்தது. காற்றுத் தேங்கிய வயிற்றில் அதை வைத்தால் வெளிச்சம் பரவும். தேங்காத வயிற்றில் பரவாது.

முதலில் இரண்டாவது பெட்டி. நுகேகொடையிலிருந்து வந்த றுஷ்னாவின் பெண்குழந்தை. டோர்ச்சின் நுனியைச் சுற்றி, சல்லிக் காசு அளவில் ஒரு சிவப்பு வளையம். அவ்வளவுதான்.

பிறகு முதலாவது பெட்டி.

நுனி தோலைத் தொட்டதும் வயிறு முழுவதும் எரிந்தது. விலா எலும்புகளின் கீழ்விளிம்பு தெரிந்தது, ஈரலின் கருநிழல் தெரிந்தது, பேனாப் புள்ளிகள்கூடத் தெரிந்தன. அந்தச் சிவப்பு குழந்தையின் தாடையில் விழுந்தது, பெட்டியின் கூரையில் விழுந்தது, குனிந்திருந்த மேபலின் கண்ணாடியில் விழுந்தது. வெளியே தெருவில் எங்கோ பக்திப் பாட்டு ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது.

வெளிச்சத்தின் நடுவே ஒரு சிறிய நிழல் மெல்லத் திரும்பியது.

குடல் அசைகிறது என்று ஷிஹாரா நினைத்தாள். போனில் அதை வீடியோ எடுத்தாள். அனுப்பிய பிறகுதான், ஓட்டை விழுந்த குடல் அசையாமல் கிடக்கும் என்பது நினைவுக்கு வந்தது. டோர்ச்சை அணைத்தாள். வயிற்றின் சிவப்பு உடனே போகவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் நின்று, பிறகு போனது. கண்ணில் தங்கியிருக்கும், என்று சொல்லிக்கொண்டாள்.

மஷூர் சேர் தானாகவே அழைத்தார். பின்னால் பிள்ளைகளின் சத்தம் இல்லை.

"அம்புலன்சுக்குச் செல்லு. சேர்ஜனோட நான் கதைக்கிறேன்."

அம்புலன்ஸ் சாரதி பம்பலப்பிட்டியிலிருந்து கத்தினான். "டொக்டர் மிஸ், பார ஒக்கொம வஹலா!" வீதி முழுவதும் மூடிக்கிடந்தது. தன்சல் வரிசைகள், கூடு பார்க்க லொறிகளில் வந்த சனம், மின்விளக்குத் தோரணத்துக்கு முன்னால் நின்ற பஸ்கள். சைரன் போட்டால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், ஒருவரும் நகர்வதில்லை என்றான். ஷிஹாரா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரை ஏசுவது? நாடாவையா, சனத்தையா, தன் குரலையா?

மேபல் கூப்பிட்டாள். "டொக்டர். நிறம் மாறுது."

குழந்தையின் உதடுகள் சாம்பலாகிக்கொண்டிருந்தன. வயிறு மேலே எழும்பி நெஞ்சை நெருக்கியது. மூச்சுக்கு இடமில்லை.

போன் ஒலிபெருக்கியில் மேசைமேல் கிடந்தது. "ஊசி போட்டுக் காத்த எடு," என்றார் சேர். "வலப் பக்கம், கீழ. ஈரல்ல படாம. கை நடுங்குதா?"

"ஓம் சேர்."

"நடுங்கட்டும். போடு."

போட்டாள். தோல் ஒரு கணம் தடுத்து, பிறகு விட்டது. ஊசியின் பின்னால் ஒரு திருகுக் குழாயும் சிரிஞ்சும். அவள் இழுக்கவே இல்லை. சிரிஞ்சின் தண்டு தானாகவே மேலே ஏறியது. உள்ளே அவ்வளவு அழுத்தம். நிரம்பியதும் திருகை மூடி, காற்றை அறைக்குள் தள்ளினாள். மறுபடி திறந்தாள். தண்டு ஏறியது. மறுபடி. ஒரு உள்ளங்கையில் அடங்கும் வயிற்றுக்குள் இவ்வளவு இருக்குமா? மேபல் எண்ணத் தொடங்கி, எண்ணுவதை விட்டுவிட்டாள்.

மல வாசம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வந்தது வேறு. இப்போதுதான் ஊதி அணைத்த விளக்குத் திரியின் வாசம்.

கண்ணாடிக்கு வெளியே நிலூஷா நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றாள். அவளுடைய கணவன் பிறெடி, துறைமுகத்து வேலைச் சட்டையோடு பின்னால் நின்றான்.

வயிறு தளர்ந்தது. சுருங்கியது. உதடுகள் சிவந்தன. குழந்தை முகத்தைச் சுளித்துக் கையை உதறினான். மேபல் வாய்விட்டு அழுதாள். ஷிஹாரா கடைசியாக ஒருமுறை திருகைத் திறந்தாள். மிருதுவான, காலியான வயிறு. இருந்தும் தண்டு மெல்ல மேலே வந்தது. மெல்லக் கீழே போனது. மேலே வந்தது. குழந்தையின் மூச்சோடு அது சேரவில்லை. அதைவிட மெதுவாக இருந்தது.

திருகை மூடினாள்.

ஒருவழியாக அம்புலன்ஸ் வந்தது. மேபல் கூடவே போனாள். நிலூஷா மின்தூக்கியின் கதவு மூடும்வரை ஷிஹாராவின் கையை விடவில்லை. "மிச்சம் பெரிய உபகாரம் டொக்டர்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறெடி இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக் குனிந்தான்.

அதற்குப் பிறகு, அவள் காத்திருந்த நேரமெல்லாம் குமிழிச் சத்தத்தால் நிரம்பியிருந்தது. மூன்று போத்தல்களில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். அறை இன்னும் அதே அளவு சத்தமாகத்தான் இருந்தது.

சத்திரசிகிச்சை முடிந்து சேர்ஜன் அழைத்தார். சிறுகுடலின் முடிவில் கடுகளவு ஓட்டை ஒன்று. தைத்தாயிற்று. குழந்தை பிழைத்துக்கொள்வான். "காத்த நேரத்துக்கு எடுத்தது நல்லது. கொஞ்சம் பிந்தியிருந்தா எங்களுக்கு வேல இருந்திருக்காது."

ஷிஹாரா கதிரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. உம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தாள். நதீஷா தன்சலில் வாங்கிய கடலையைத் தாளில் மடித்துக் கொடுத்தாள். "சாப்பிடுங்க டொக்டர்," என்றாள் உடைந்த தமிழில். "நீங்க நல்ல டொக்டர்."

கடலை நன்றாக இருந்தது. வாசம் மட்டும் போகவில்லை. திரி வாசம். ஏசி அதைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்தது. இந்த அறையின் ஜன்னல்கள் திறக்காதவை.

துவாரத்தில் யாரோ தட்டினார்கள். றுஷ்னா. பால் போத்தலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"டொக்டர், எண்ட புள்ளட பெட்டிக்குள்ள லைற் போட்டா வெச்சிரிக்கிறீங்க?"

ஷிஹாரா கூட்டைப் பார்த்தாள். வயர் இன்னும் சுவரில் செருகப்படாமல் தொங்கியது.

போத்தலை வாங்காமலே எழுந்து போனாள். பக்கக் கதவைத் திறந்தாள். குழந்தை கையை உதறவில்லை. தோல் பளபளத்தது. நூலை எடுத்துச் சுற்றினாள். நூலின் நுனியும், சற்றுமுன் இந்தக் குழந்தையை அளந்தபோது இட்ட அடையாளமும் இப்போது ஒன்றையொன்று எட்டவில்லை. நடுவில் இரண்டு விரல் வெளி.

"சேர், இப்ப ரெண்டாவது பெட்டி. றுஷ்னாட புள்ள. அதே மாதிரி…"

மறுமுனையில் நீண்ட மூச்சு. "ஒரே நாள்ல ரெண்டா? இப்ப எதால அளந்த?"

"நூலால சேர்."

"நூலு நீளும், சுருங்கும். நீ நல்லாக் களச்சிட்டாய் மகள். இண்டைக்கு நல்ல வேல செஞ்ச. கொஞ்சம் சாஞ்சிரு. காலேல பாப்போம்."

"சேர், எனக்குக் கண்ணால தெரியுது," என்றாள். இந்த முறை சத்தமாகவே சொன்னாள். ஆனால் அவர் வைத்துவிட்டிருந்தார்.

நதீஷாவை ஷிப்லியிடம் ஓடச் சொன்னாள். கதவு மூடியது. லைற்றுகளை அணைத்தாள். பச்சை இலக்கங்களை மூடினாள். டோர்ச் மேசையில் கிடந்தது. அதை எடுக்கத் தேவைப்படவில்லை.

இரண்டாவது பெட்டி எரிந்துகொண்டிருந்தது.

மங்கலாக. சிவப்பாக. விலா எலும்புகள். ஈரலின் நிழல். இன்னொரு நிழல். அது திரும்பியது. நின்றது. அவளைப் பார்ப்பதுபோல இருந்தது.

கூடு அணைந்திருந்தது. டோர்ச் அணைந்திருந்தது.

எடுத்த காற்று எங்கே போனது? அறைக்குள்தான் விட்டாள். தன் கையால். ஒவ்வொரு சிரிஞ்சாக.

குழந்தையின் உதடுகள் சாம்பலாகின. ஊசியை எடுத்தாள். வலப் பக்கம், கீழே. கை நடுங்கவில்லை. தண்டு தானாக ஏறியது. நிரம்பியது. திருகை மூடினாள். பிறகு, காற்றைத் தள்ளுவதற்குப் பெருவிரலை வைத்தவள் நின்றுவிட்டாள்.

மூன்றாவது பெட்டி இன்னும் இருட்டாக இருந்தது. ஹபீலாவின் மகன். மூவரில் அவன்தான் சிறியவன்.

அறைக்குள் விட முடியாது. கதவுக்கு வெளியே தாய்மார். ஜன்னல் திறக்காது. ஊசியின் பின்னால் அழுத்தம் காத்துக்கொண்டிருந்தது. குழந்தை வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை.

யோசிக்க நேரம் இல்லை. யோசிக்கவும் இல்லை.

சிரிஞ்சைக் கழற்றி, அதன் நுனியைத் தன் உதடுகளுக்கு நடுவே வைத்துத் தண்டைத் தள்ளினாள். உள்ளே இழுத்தாள். திரி வாசம். தொண்டை வழியே ஒரு குளிர். மறுபடி திறந்தாள். மறுபடி இழுத்தாள். வயிற்றின் சிவப்பு மங்கியது. மறுபடி. இன்னும் மங்கியது. மறுபடி.

அணைந்தது.

அறை முழுக்க இருட்டு. குழந்தை கையை உதறினாள். மெல்லிய, கோபமான ஓர் அழுகை. இரண்டாவது பெட்டி இருட்டு. ஷிஹாரா மூன்றாவதைப் பார்த்தாள். இருட்டு. பார்த்துக்கொண்டே நின்றாள். இருட்டுத்தான்.

கண்ணாடியில் தட்டும் சத்தம்.

றுஷ்னா இன்னும் அங்கேதான் நின்றாள். பால் போத்தல் கையில். மற்றக் கையின் விரல் எதையோ காட்டியது. இரண்டாவது பெட்டியை அல்ல. மூன்றாவதையும் அல்ல.

வெளியே தாழ்வாரத்தில் லைற் இல்லை. இருந்தும் றுஷ்னாவின் முகம் தெரிந்தது. கன்னம், மூக்கு, திறந்த வாய். சிவப்பாக.

ஷிஹாரா ஓர் அடி முன்னே வைத்தாள். அந்த முகத்தின் சிவப்பு கூடியது.

அவள் குனிந்து பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டின் பொத்தான்கள் ஒவ்வொன்றாக இறுகுவது தெரிந்தது. உள்ளே ஏதோ மெல்லத் திரும்பியது. பின்னால் இரண்டு குழந்தைகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

வாயையும் மூக்கையும் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, இழுத்த மூச்சை வெளியே விடாமல் நின்றாள்.